ஒரே நாளில் இரு தீர்ப்புகள்



நந்தீஸ்வர நாள்கள் ஆண்டில் மும்முறை வருகின்றன. ஆஷாட, கார்த்திக, பால்குன மாதங்களின் வளர்பிறையில் அட்டமி தொடங்கிப் பௌர்ணமி முடிய எட்டு நாள்கள் நாம் ஜினாலயத்தில் பூசை செய்கிறோம். இயன்றவர் நோன்பு நோற்கிறோம். இந்த எட்டு நாள்களோடு தொடர்புடைய பழங்கதை ஒன்று உண்டு. சிறுமியாக இருந்தபோது என் பாட்டியார் மடியில் அமர்ந்து கேட்ட கதை அது. முதலை மடுவின் நடுவே அரியணை தோன்றிய அற்புதம் மட்டுமே அன்று என் மனத்தில் நின்றது. எழுபது வயதைக் கடந்த இந்நாளில் அதே கதையைப் படிக்கும்போது, அற்புதம் பின்னே சென்றுவிட, அதற்கு முன் அரசன் வழங்கிய இரண்டு தீர்ப்புகளே கண்முன் நிற்கின்றன. செல்வம் உடையாரும் இல்லாரும் சேர்ந்து வாழும் நாட்டில் ஆட்சி எவ்வாறு நடுநிலையோடு நடத்தல் வேண்டும் என்னும் வினாவுக்கு இக்கதையில் விடை இருக்கிறது. அதனை இங்கு உங்களோடு சேர்ந்து சிந்திக்க விரும்புகிறேன்.

சமந்தபத்திர ஆசாரியர் தம் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் இல்லறத்தார்க்குரிய ஐந்து அணுவிரதங்களைக் கூறி, ஒவ்வொன்றிலும் சிறந்து நின்ற ஒருவரின் பெயரைச் சுட்டுகிறார். கொல்லாமைக்கு மாதங்கன், வாய்மைக்குத் தனதேவன், கள்ளாமைக்கு வாரிஷேணன், கற்பொழுக்கத்திற்கு நீலி, பொருள் வரையறைக்கு ஜயன் என்பது அவ்வரிசை. இப்பெயர்களுக்குப் பின்னுள்ள வரலாறுகளைப் பிரபாசந்திரர் தம் உரையில் விரித்துரைக்கிறார். வரிசையில் முதலிடம் பெற்ற மாதங்கனின் பெயர் யமபாலன். அவன் தொழில் யாது? அரசன் ஆணைப்படி குற்றவாளிகளின் உயிரைப் போக்குவது. கொல்லாமைக்குச் சான்று காட்ட ஆசாரியர் ஒரு மன்னனையோ வணிகனையோ தேடிச் செல்லவில்லை. ஊருக்கு வெளியே குடிசையில் வாழ்ந்த கொலைத் தொழிலாளனைத் தெரிந்தெடுத்தார். இது நாம் நின்று நினைக்கத்தக்க செய்தியாகும்.

போதனபுரத்தில் நிகழ்ந்தது

சுரம்ய தேசத்துப் போதனபுரத்தை மகாபலன் என்னும் மன்னன் ஆண்டு வந்தான். நந்தீஸ்வர அட்டமி வந்தது. எட்டு நாள்களும் தன் நகரில் எவ்வுயிரும் கொல்லப்படலாகாது என்று மன்னன் அறிவித்தான். அவன் மகன் பலகுமாரனோ ஊனுணவில் அடங்காத வேட்கை உடையவன். அரசனின் பூங்காவில் எவரும் இல்லை என்று எண்ணி, அரசனுக்குரிய ஆட்டுக்கடாவை மறைவில் கொன்று சமைத்து உண்டான். மரத்தின்மேல் இருந்த தோட்டக்காரன் அதனைக் கண்டுவிட்டான். அன்றிரவு அவன் தன் மனைவியிடம் சொன்ன செய்தி ஒற்றன் ஒருவன் செவியில் விழ, ஒற்றன் மன்னனுக்கு அறிவித்தான். காலையில் தோட்டக்காரன் அழைக்கப்பட்டான். அவன் உள்ளதை உள்ளவாறே உரைத்தான். தன் ஆணையைத் தன் மகனே மீறினான் என்று சினந்த மன்னன், இளவரசனைக் கொல்லுமாறு கட்டளையிட்டான். இது முதல் தீர்ப்பு.

கட்டளையை நிறைவேற்றக் காவலர் யமபாலனை அழைக்கச் சென்றனர். அன்று சதுர்தசி. தொலைவில் அவர்கள் வருவதைக் கண்ட யமபாலன், தான் வெளியூர் சென்றிருப்பதாகச் சொல்லுமாறு மனைவியிடம் கூறிவிட்டு வீட்டின் மூலையில் ஒளிந்துகொண்டான். அவளும் அவ்வாறே சொன்னாள். காவலர் இரங்கினர். 'பேறற்றவன்! இன்று அவன் இருந்திருந்தால் இளவரசன் அணிந்துள்ள பொன்னும் மணியும் அவனுக்குக் கிட்டியிருக்குமே' என்றனர். அச்சொல் அவள் நெஞ்சை அசைத்தது. வாய் 'ஊரில் இல்லை' என்று சொல்லிக்கொண்டிருக்க, கை அவன் ஒளிந்திருந்த இடத்தைக் காட்டியது.

காவலர் அவனை வெளியே இழுத்தனர். இளவரசனை முன்னிறுத்திக் கொல் என்றனர். 'இன்று சதுர்தசி, இன்று நான் உயிர்க்கொலை செய்யேன்' என்றான் யமபாலன். அரசன்முன் கொண்டுசென்று நிறுத்தினர். அங்கும் அவன் மாறவில்லை. முன்னொரு நாள் தன்னைப் பாம்பு தீண்டியதையும், இறந்தவன் என்று எண்ணித் தன்னைச் சுடுகாட்டில் இட்டதையும், தவவலிமை மிக்க முனிவர் ஒருவரின் திருமேனியில் பட்டு வந்த காற்றால் தான் உயிர்பெற்றதையும், அம்முனிவர் திருமுன் சதுர்தசியில் கொல்லேன் என்று விரதம் ஏற்றதையும் எடுத்துரைத்தான். அரசன் கேட்டான். ஆனால் அவன் உள்ளத்தில் எழுந்த எண்ணம் ஒன்றுதான்: தீண்டத்தகாத சண்டாளனுக்கு விரதமா? சினம் மூண்டது. இளவரசனையும் யமபாலனையும் சேர்த்துக் கட்டி முதலைகள் வாழும் மடுவில் எறியுமாறு ஆணையிட்டான். இது இரண்டாம் தீர்ப்பு.

மடுவில் தேவதை யமபாலனைக் காத்து, அரியணையில் அமர்த்திச் சிறப்புச் செய்தது. செய்தி கேட்ட மன்னன் அஞ்சினான். யமபாலனை வரவழைத்துத் தன் வெண்குடையின்கீழ் அமர்த்தி நீராட்டிப் போற்றினான் என்று கதை முடிகிறது.

முதல் தீர்ப்பும் இரண்டாம் தீர்ப்பும்

முதல் தீர்ப்பில் மகாபலனைக் குறைகூற நமக்கு எளிதில் மனம் வராது. செல்வமும் குலமும் அரண்மனையும் உடையவன் தன் மகன். அவனுக்கு ஒரு சட்டம், குடிமக்களுக்கு ஒரு சட்டம் என்று அவன் கருதவில்லை. தோட்டக்காரனின் வாய்மொழியை இளவரசனுக்கு எதிராகவே ஏற்றான். கன்றை இழந்த பசுவுக்காகத் தன் மகன்மேல் தேரை ஓட்டிய சோழனை நாம் இன்றும் போற்றுகிறோம். அந்த வரிசையில் மகாபலனையும் நிறுத்தலாம் என்றே தோன்றும்.

ஆனால் அதே நாளில், அதே அரசன், அதே வாயால் இரண்டாம் தீர்ப்பையும் வழங்கினான். யமபாலன் செய்த குற்றம் என்ன? ஒன்றுமில்லை. இன்னும் நுணுகி நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். நந்தீஸ்வர நாள்கள் வளர்பிறை அட்டமியில் தொடங்குவன. சதுர்தசி அவற்றுள் ஏழாம் நாள். எட்டு நாள்களும் எவ்வுயிரும் கொல்லப்படலாகாது என்பது மன்னனே இட்ட ஆணை. அவ்வாணையை இளவரசன் மீறினான். அவனைக் கொல்லச் சொன்ன மன்னனும் அவ்வாணையையே மீறினான். அந்நாளில் அரசன் முன்னிலையில் நின்றவர்களுள் அரசாணையைக் காத்து நின்றவன் யமபாலன் ஒருவனே. அவனை ஆணையை மீறியவனோடு சேர்த்துக் கட்டினார்கள்.

இவ்வளவு பெரிய பிழை எதனால் நேர்ந்தது? மகாபலன் கொடியவன் அல்லன். மகன்பால் ஓரவஞ்சனை காட்டியவனும் அல்லன். எதிரில் நின்று பேசியவன் யார் என்று பார்த்தானே தவிர, அவன் பேசியது என்ன என்று பார்த்தானில்லை. செவி கேட்டது, உள்ளம் கேட்கவில்லை. விரதம் என்பது உயர்ந்தோர் உடைமை, அது இவனிடம் எப்படி இருக்கும் என்று கருதிவிட்டான். குலப்பெருமை அவன் கண்ணை மறைத்தது.

அறிவு, பெருமதிப்பு, குலம், சாதி, வலிமை, செல்வம், தவம், உடலழகு ஆகிய எட்டினால் வரும் செருக்கும் நற்காட்சியைக் கெடுக்கும் என்று சமந்தபத்திரர் எச்சரிக்கிறார். மாதங்கன் உடலில் பிறந்தவனேனும் நற்காட்சி உடையவன் தேவர்களாலும் மதிக்கத்தக்கவன் என்று அவரே கூறுகிறார். இவ்விரண்டையும் கூறிய ஆசாரியர் கொல்லாமைக்கு யமபாலனை முன்னிறுத்தியதன் பொருத்தம் இப்போது விளங்குகிறதன்றோ?

ஆகவே ஆட்சியின் நடுநிலைக்கு இரண்டு பாதிகள் உண்டு. உயர்ந்தோரையும் சட்டத்திற்கு உட்படுத்துவது முதற்பாதி. எளியோர் சொல்லையும் உரிய மதிப்போடு செவிமடுப்பது மறுபாதி. முதற்பாதி கடினம் என்று எல்லோரும் எண்ணுகிறோம். அதைச் செய்தவனைப் புகழ்கிறோம். மறுபாதி அதனினும் கடினம். ஏனெனில் அதில் தவறினால் கேட்பார் இல்லை.

கேளாத செவியின் கேடு

தன் மகன் என்றும் பாராமல் தண்டிப்பது மட்டுமே நீதி ஆகாது என்பதற்கு வாரிஷேணன் வரலாறும் சான்று. அவன் இராஜகிருகத்து வேந்தன் சிரேணிகனின் மைந்தன். இரவில் சுடுகாட்டில் தியானத்தில் நின்றான். திருடிய ஆரத்துடன் ஓடிவந்த கள்வன், காவலர் நெருங்கவே அதனை வாரிஷேணன் முன் போட்டுவிட்டு மறைந்தான். காவலர் ஆரத்தைக் கண்டனர், உரியவனைக் கண்டிலர். சிரேணிகன் மகன் என்று தயங்கவில்லை. தலையைத் துணிக்குமாறு கட்டளையிட்டான். வீசிய வாள் மாலையாயிற்று என்கிறது வரலாறு. பின்னர் உண்மையறிந்த தந்தை மகனிடம் பொறுத்தருள வேண்டினான். மகனோ துறவு பூண்டான். இங்கு மன்னனிடம் மகன் என்ற சலுகை இல்லை. ஆனால் விசாரணையும் இல்லை. விசாரணை இல்லாத கண்டிப்பு நீதியின் உடையை உடுத்த சினமே ஆகும்.

சமண முனிவரான இளங்கோவடிகள் இயற்றிய சிலப்பதிகாரத்தில் பாண்டியன் நெடுஞ்செழியன் வீழ்ந்ததும் இவ்விடத்தில்தான். கோவலன் புகாரில் பெருவணிகர் குடியில் பிறந்தவன். ஆயினும் மதுரையில் அவன் முகமறியாப் புதியவன்; அவனுக்காகப் பேச ஒருவரும் இல்லை. அரசியின் சிலம்பைக் கவர்ந்திருந்த பொற்கொல்லனுக்கோ அரண்மனையில் தடையற்ற நுழைவு இருந்தது. ஒருவனுக்கு வேந்தன் செவி திறந்திருந்தது, மற்றவனுக்கு மூடியிருந்தது. அரசியின் சிலம்பில் இருந்தவை முத்துக்கள், கண்ணகியின் சிலம்பில் இருந்தவை மாணிக்கங்கள் என்பதை அறிய ஒரு நாழிகை விசாரணை போதும். அந்த ஒரு நாழிகையைக் கொடாமையால் கோவலன் உயிர் போயிற்று, மன்னன் உயிரும் போயிற்று, மதுரை எரிந்தது.

செல்வத்தின் பெரும் பயன் மாளிகையும் அணிகலனும் என்று நினைக்கிறோம். அதைவிடப் பெரிய பயன் ஒன்று உண்டு. செல்வம் உடையவன் பேசினால் பிறர் கேட்கிறார்கள். ஏழை இழப்பது முதலில் இதைத்தான்.

என் வகுப்பறையில் ஒரு தீர்ப்பு

மன்னர்களைப் பற்றிச் சொல்வது எளிது. என்னைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். சொல்லாவிட்டால் இவ்வுரை நேர்மையுடையதாகாது.

1979-ஆம் ஆண்டு. ஒரு சிற்றூர்ப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு ஆசிரியையாக இருந்தேன். வகுப்பில் நிலவுருண்டை ஒன்று இருந்தது. மிகவும் வேண்டிக் கேட்டுப் பெற்றது அது. ஒரு நாள் நண்பகல் உணவு முடிந்து வந்தபோது அது உடைந்து கிடந்தது. அறையில் இருவர் நின்றனர். ஒருவன் ஊரின் பெரிய வீட்டுப் பிள்ளை. மற்றவன் அந்த வீட்டு நிலத்தில் கூலிவேலை செய்பவரின் மகன். பெரிய வீட்டுப் பிள்ளை தான் பந்து எறிந்ததை ஒப்புக்கொண்டான். இருவரையும் மாலைவரை வெளியே மரத்தடியில் நிற்கவைத்தேன்.

பெரிய வீட்டுப் பிள்ளையை வெயிலில் நிற்கவைத்தது ஊரில் பேச்சாயிற்று. தலைமையாசிரியர்கூடத் தயங்கினார். எனக்கோ உள்ளுக்குள் பெருமிதம். யாருக்கும் அஞ்சாமல் நீதி செய்தேன் என்று அன்றிரவு நிம்மதியாக உறங்கினேன்.

மற்ற சிறுவன் 'டீச்சர், நான்...' என்று ஏதோ சொல்லத் தொடங்கினான். 'எதிர்த்துப் பேசாதே' என்று அடக்கினேன். அத்துடன் அவன் வாய் மூடிக்கொண்டான்.

நான்கு நாள் கழித்துப் பெரிய வீட்டுப் பிள்ளையே என்னிடம் வந்து, 'அவன் ஒண்ணும் பண்ணல டீச்சர். சத்தம் கேட்டு வந்து உடைஞ்சதப் பொறுக்கினான்' என்றான். அதற்குள் அச்சிறுவன் பள்ளிக்கு வருவது நின்றிருந்தது. அவன் வீட்டுக்குச் சென்றேன். தவறு என்னுடையது என்று அவன் தந்தையிடம் சொன்னேன். அவர் இரு கைகளையும் கூப்பி, 'டீச்சரம்மா, நீங்க அடிச்சிருந்தாக்கூடத் தப்பில்லீங்க' என்றார். அந்த மறுமொழி இன்றும் என்னைச் சுடுகிறது. தம் மகன் சொல்லையும் கேட்கவேண்டும் என்று எதிர்பார்க்கும் பழக்கமே அவருக்கு இல்லை. சிறுவன் மாடு மேய்க்கப் போய்விட்டான், பள்ளிக்குத் திரும்பவில்லை. வறுமையால் நின்றானோ என்னால் நின்றானோ, அறியேன். இரண்டாவது காரணம் இல்லை என்று என் மனச்சான்று என்னிடம் ஒருநாளும் சொன்னதில்லை.

தண்டிக்கும் முன் காரணம் கேட்கவேண்டும் என்பது ஆசிரியப் பயிற்சியில் நான் கற்ற முதற்பாடங்களுள் ஒன்று. தேர்வில் எழுதி மதிப்பெண்ணும் பெற்றேன். ஆனால் அந்த நண்பகலில் நான் மகாபலனாகவே இருந்தேன். முதற்பாதியைச் செய்த பெருமிதத்தில் மறுபாதியை மறந்தேன்.

நம் நாட்டின் சட்டமும் இவ்விரு பாதியும்

1949-ஆம் ஆண்டு நவம்பர் 26-ஆம் நாள் ஏற்கப்பட்டு, 1950 சனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த நம் அரசமைப்புச் சட்டத்தின் 14-ஆம் பிரிவைப் படிக்குந்தோறும் எனக்குப் போதனபுரம் நினைவுக்கு வரும். அப்பிரிவு இரண்டு உறுதிகளை ஒருங்கே தருகிறது. ஒன்று, சட்டத்தின் முன் எல்லோரும் சமம். மற்றொன்று, எல்லோருக்கும் சட்டங்களின் சமமான பாதுகாப்பு. முன்னது இளவரசனுக்கும் சட்டம் உண்டு என்கிறது. பின்னது யமபாலனுக்கும் காப்பு உண்டு என்கிறது. 17-ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. மகாபலன் நெஞ்சில் எழுந்த அந்த ஒரு நினைப்புக்கே நாட்டின் சட்டத்தில் இடமில்லாமல் செய்தது அது.

முதற்பாதியின் வழியில் நாடு சில அடிகள் வைத்துள்ளது. சுதேச சமஸ்தானங்களின் முன்னாள் மன்னர்களுக்கு வழங்கப்பட்டுவந்த மானியமும் தனிச்சலுகைகளும் 1971-ஆம் ஆண்டின் 26-ஆம் திருத்தத்தால் நீக்கப்பட்டன. பிறப்பால் ஒருவருக்குக் கருவூலத்தில் பங்கு என்னும் நிலை அத்துடன் முடிந்தது.

மறுபாதிக்கும் ஏற்பாடுகள் உண்டு. ஏழ்மையால் எவருக்கும் நீதி மறுக்கப்படலாகாது. இலவச சட்ட உதவி அளித்தல் அரசின் கடமை என்று 1976-ஆம் ஆண்டின் 42-ஆம் திருத்தம் 39அ பிரிவைச் சேர்த்தது. அதற்கென 1987-இல் இயற்றப்பட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டம் 1995 நவம்பர் 9 முதல் நடைமுறைக்கு வந்தது. பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், காவலில் இருப்போர் முதலானோர் வருமான வரம்பு இன்றியே இவ்வுதவியைப் பெறலாம். 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தால், எளிய குடிமகனும் சிறு கட்டணம் செலுத்தி அரசு அலுவலகத்தை வினவலாம். பொதுவாக முப்பது நாள்களுக்குள் விடை தரவேண்டும். வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ளோர்க்குக் கட்டணமும் இல்லை.

இவையெல்லாம் என்ன? மூடிய செவியைத் திறப்பதற்குச் சட்டம் செய்த முயற்சிகள். யமபாலனைக் காக்க மடுவில் தேவதை வந்தது. அதற்குப் பின்னரே மன்னன் அவனை மதித்தான். இக்காலத்து யமபாலர்களுக்கு ஒவ்வொரு முறையும் தேவதை வருவதில்லை. ஆகவேதான் வழக்குரைஞரும் விதிமுறையும் மேல்முறையீடும் வேண்டியிருக்கின்றன. ஆனால் ஏட்டில் உள்ள சட்டம் தானே நடப்பதில்லை. அதனை நடத்துவோரும் மனிதர், வளைப்போரும் மனிதர். வளைப்போர் பட்டியலில் நாம் இருக்கிறோமா என்பதே இல்லறத்தார் ஒவ்வொருவரும் தம்மைக் கேட்கவேண்டிய வினா.

செல்வாக்கும் ஒரு பற்றே

தத்துவார்த்த சூத்திரம் கள்ளாமை விரதத்திற்கு ஐந்து அதிசாரங்களைக் கூறுகிறது. திருடனைத் தூண்டுதல், திருட்டுப் பொருளை வாங்குதல், அரசின் முறைமைக்கு மாறாக நடத்தல், அளவையிலும் நிறையிலும் பொய் செய்தல், போலியைக் கலந்து விற்றல் என்பன அவை. நடுவில் நிற்கும் மூன்றாவதைக் கவனியுங்கள். அரசுமுறைக்கு மாறாகப் பெறும் ஊதியத்தை நம் ஆசாரியர்கள் திறமை என்று சொல்லவில்லை. களவின் பக்கத்தில் வைத்தார்கள்.

ஒன்று வெளிப்படையாகச் சொல்கிறேன். வசதியுள்ள இல்லத்தார் சிலர், வருமானத்தைக் குறைத்துக் காட்டிச் சான்றிதழ் பெற்று, வறிய மாணவர்க்குரிய உதவித்தொகையைத் தம் பிள்ளைகளுக்கு வாங்குவதுண்டு. 'அரசாங்கப் பணந்தானே, எல்லோரும் செய்வதுதானே' என்பார்கள். உதவி வரம்புடையது. நாம் எடுத்த பங்கு பெயர் தெரியாத ஓர் ஏழைச் சிறுமியின் பங்கு. அவள் நம்மை வந்து கேட்கமாட்டாள்; அவளுக்கு நம் முகவரி தெரியாது. வினைக்கு முகவரி தெரியும். 2014-ஆம் ஆண்டு சனவரியில் மத்திய அரசு நம்மை நாடு தழுவிய சிறுபான்மையினராக அறிவித்தது. அதனால் வரும் உதவிகள் நம்முள் எளியவர்க்கு உரியவை. வயலில் உழைத்து வாழும் நம் குடும்பங்கள் பல உள்ளன. அவர்களை முந்திக்கொண்டு வசதியுள்ளோர் கைநீட்டுதல் அறமாகுமா?

பற்றுப் பொருள்களாக நிலம், வீடு, வெள்ளி, பொன், கால்நடை, தானியம், ஏவலர், ஆடை, கலம் முதலியவற்றை நூல்கள் எண்ணுகின்றன. இவற்றுக்கு வரம்பு கட்டிக்கொள்வதே பொருள் வரையறை விரதம். இவை புறப்பற்று. வெகுளி, செருக்கு, வஞ்சம், பேராசை முதலிய பதினான்கும் அகப்பற்று. நிலத்துக்கு வரம்பு கட்டிக்கொண்டவரும் 'நான் யார் தெரியுமா?' என்னும் சொல்லுக்கு வரம்பு கட்டுவதில்லை. அந்தச் சொல் செருக்கின் பிள்ளை. செல்வாக்கும் ஒரு பற்றே. அதற்கும் அளவு வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் அரசு அலுவலகத்திற்குச் சென்றிருந்தேன். மேசையில் இருந்தவர் என் பழைய மாணவர். 'வாங்க டீச்சர், உட்காருங்க' என்று நாற்காலி போட்டார். என் தாளில் பத்து நிமிடத்தில் கையொப்பம் ஆயிற்று. மகிழ்ச்சியோடு வெளியே வந்தேன். தாழ்வாரத்தில் என் வயதுடைய ஒரு மூதாட்டி, முதியோர் உதவித்தொகைக்கான மனுவோடு தரையில் அமர்ந்திருந்தார். 'எப்போது வந்தீர்கள், அம்மா?' என்று கேட்டேன். 'காலைல முத பஸ்ஸுக்கு' என்றார். நான் வந்தது பதினொரு மணிக்கு. ஒரு நிமிடம் அந்தக் கூலிக்காரச் சிறுவன் என்முன் நின்றான். அவரை அழைத்துக்கொண்டு உள்ளே திரும்பிச் சென்றேன். 'தம்பி, எனக்குப் போட்ட நாற்காலியை இவருக்கும் போடு' என்றேன். அவரும் உடனே எழுந்து அந்த அம்மையாரின் மனுவை வாங்கிக்கொண்டார், நல்ல பிள்ளை. நான் செய்தது பெரிய அறம் அன்று. அவருக்கு முன்னால் எடுத்துக்கொண்ட பத்து நிமிடத்தைத் திருப்பிக் கொடுத்தேன், அவ்வளவே.

அன்பர்களே, யமபாலன் மனைவியை நினைத்துப் பாருங்கள். அவளும் தீயவள் அல்லள். பொன் என்ற சொல் கேட்டதும் அவள் கை தானே நீண்டது. வாய் ஒன்று சொல்லக் கை ஒன்று காட்டியது. கோயிலில் பொருள்வரையறையைப் பேசிவிட்டு அலுவலகத்தில் சிபாரிசுக்குக் கை நீட்டும்போது நாமும் அவளே ஆகிறோம். நம்மிடம் நீதி கேட்டு வருபவர் வீட்டு வேலைக்காரராயினும், நிலத்துக் கூலியாளாயினும், கடைப் பையனாயினும், அவர் சொல்லை முழுதும் கேட்டு முடிக்கும்வரை தீர்ப்புச் சொல்லாதிருக்கும்போது யமபாலனை முன்னிறுத்திய ஆசாரியரின் மாணவர் ஆகிறோம்.

சமவசரணத்தின் அமைப்பை நீங்கள் அறிவீர்கள். பெருமானைச் சுற்றிப் பன்னிரு கோட்டங்கள். தேவர்க்கும் முனிவர்க்கும் இடம் உண்டு. விலங்குகளுக்கும் ஓர் இடம் உண்டு. ஆடவர் கோட்டத்தில் சக்கரவர்த்தியும் சாதாரண மனிதனும் ஒன்றாகவே அமர்கின்றனர். செல்வர்க்கென்று அங்கே தனி வரிசை இல்லை. திருமொழி எல்லோர் செவியிலும் ஒன்றுபோல் விழுகிறது. அவரவர் மொழியில் அவரவர்க்கு விளங்குகிறது. கேட்கும் உரிமை எல்லோருக்கும் உண்டு என்று பெருமானின் திருச்சபை காட்டுகிறது. கேட்கப்படும் உரிமையும் எல்லோருக்கும் உண்டு என்று நம் இல்லமும் ஊரும் ஆட்சியும் காட்டவேண்டும்.

வரும் நந்தீஸ்வர நாள்களில், நோன்போடு இன்னொரு சிறு விரதமும் ஏற்போம். எட்டு நாள்களும், நம்மினும் எளியவர் பேசும்போது இடைமறியாமல் கேட்போம். எட்டு நாள் பழகினால் ஒன்பதாம் நாளும் அது நம்மை விட்டுப் போகாது.

அறம் வாழ்க! அருகன் நெறி ஓங்குக!